பூசையிலை வைச்ச மெசின் எத்தினை யூனிற் குடிச்சுது?

இதிலை ஒரு சிரிப்பு இருக்கு. சத்தியமா இருக்கு. ஆனால் இப்ப தரமாட்டன்.

அதுக்கு, எங்கடை ஒழுங்கைக்கு ஓட்டோவிலை பாண், பணிஸ் கொண்டுவாற பாண்காரன் வரவேணும். அவர் பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகுதான் வருவார். அதுவரைக்கும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. அண்டைக்கு நானும் அப்பிடித்தான் இருந்திருக்கவேணும்.

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. ஒரு சின்ன மீற்றரிலை தெரியிற இலக்கத்தை மணிக்கு ஒருக்கா எழுதிவைக்கிறது. காலமை ஆறிலையிருந்து பின்னேரம் ஆறு வரைக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். நான் உயர்தரம் படிக்கிறன்.

எதை அளக்கிறது? அண்ணையின்ரை மெசினை.

எங்கடை வீட்டுப் பின் அறையிலை அண்ணை ஒரு இரும்புச் சட்டம் அடிச்சு வைச்சிருக்கிறார். அதிலை ஆறு கிராஃபிக்ஸ் காட். ஆறுக்கும் ஆறு ஃபான். நாலு மாதமா ராவும் பகலும் ஓடுது. மைனிங்காம். கேட்டால் கண்ணை மூடி, ரெண்டு கையையும் விரிச்சு, ரியூசன் சேர் மாதிரி விளங்கப்படுத்துவார்.

"உலகத்திலை இருக்கிற கொம்பியூட்டர் எல்லாம் போட்டி போட்டுக் கணக்குச் செய்யுது. முதல் விடை கண்டுபிடிக்கிறவனுக்கு கொயின்."

அம்மா ஒரு கேள்விதான் கேட்டா.

"நீ கணிதத்திலை ரெண்டாந்தரம் எழுதித்தானே பாஸ் பண்ணினனி. உன்ரை மெசின் எப்பிடியடா முந்தும்?"

அதுக்கு அண்ணை இண்டைக்குவரை விடை சொல்லேல்லை. மெசினும் சொல்லேல்லை.

சத்தத்தைப் பற்றிச் சொல்லுறன். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏத்தின லொறி ஒண்டு ஸ்ராட்டிலை நிக்கிறமாதிரி. லொறி எண்டால் எப்பவோ ஒருக்கா வெளிக்கிட்டுப் போயிடும். இது போகாது. சூடும் அப்பிடித்தான். அந்த அறையிலை குடியிருந்த பல்லியே தன்ரை குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு குசினிக்கு வந்திட்டுது.

எனக்கு அந்த அறை வேணும். விசயம் அவ்வளவுதான்.

வாற வருசம் சோதினை. நான் படிக்கிறது சாப்பாட்டு மேசையிலை. இந்தப் பக்கம் நான் இரசாயனம் பாடமாக்க, அந்தப் பக்கம் அம்மா தேங்காய் திருவுவா. என்ரை ஆவர்த்தன அட்டவணையிலை சோடியத்துக்கு மேலை சொதி ஊத்துப்பட்டிருக்கு. வீட்டிலை கொண்டி போட்டுப் பூட்டக்கூடிய ஒரே அறை அந்தப் பின் அறைதான். யன்னலைத் திறந்தால் வாழை. மேசையை எந்தச் சுவரோடை போடுறது எண்டுகூட நான் முடிவெடுத்திட்டன்.

சண்டை முத்தி, கடைசியிலை அம்மா தீர்ப்புச் சொன்னா. முதல்நாள் மெசினை நிப்பாட்டிப்போட்டு, முன் சுவரிலை கிடக்கிற லைற் மீற்றரைக் காலமையும் பின்னேரமும் பாத்தா. கிணத்து மோட்டர், பிரிட்ஜ், எல்லாம் சேத்து முழு வீடும் ஒரு பகலுக்கு எடுத்தது ஐஞ்சு யூனிற்.

"நாளைக்கு உன்ரை மெசின் ஓடட்டும். தனிய அது மட்டும் ஐஞ்சுக்கு மேலை குடிச்சால் மோட்டர் கொட்டிலுக்குப் போகும், அறை தங்கச்சிக்கு. ஐஞ்சு, இல்லாட்டி அதுக்குக் குறைய எண்டால் அது அங்கையே இருக்கட்டும். நான் பிறகு வாய் திறக்கன்."

அண்ணை உடனை சட்டம் கதைச்சார்.

"நாளைக்குச் சரஸ்வதி பூசை. நீங்கள் கிரைண்டர் போடுவியள், சீலை அயன் பண்ணுவியள், எல்லாம் என்ரை தலையிலை விழும். எனக்குத் தனி மீற்றர் வேணும்!"

தானே ஓடிப்போய்ச் சிநேகிதன் ஒருத்தனிட்டை ஒரு மீற்றர் வாங்கிக்கொண்டு வந்தார். சோப்புக்கட்டி அளவு. அதைச் சுவர் பிளக்கிலை கொழுவி, மெசினை அதிலை கொழுவினால் குடிக்கிற கரண்ட் எல்லாம் இலக்கமாத் தெரியும்.

பாவம் மனுசன். நாலு மாதத்திலை ஒருநாளும் அளந்து பாத்ததில்லை. "ரெண்டு மூண்டு லைற் எரியிற அளவுதான்" எண்டு தானே சொல்லி, தானே நம்பி வைச்சிருந்தார்.

இலக்கம் எழுதுற உத்தியோகம் எனக்கு வந்தது. அண்ணை எழுதினால் கள்ளம். அம்மாவுக்கு அவலும் சுண்டலும். நான் மட்டும்தான் சும்மா. ஏனெண்டால் என்ரை புத்தகம், கொப்பி எல்லாம் விறாந்தையிலை சரஸ்வதி படத்துக்கு முன்னாலை அடுக்கியாச்சு. ஒருக்காப் பூசையிலை வைச்சால் அடுத்தநாள் விஜயதசமி காலமை எடுக்கும்வரைக்கும் தொடப்படாது. எங்கடை அம்மா மற்றதெல்லாம் மன்னிப்பா, இதை மன்னிக்கமாட்டா. வருசத்திலை நான் மனம் உருகிச் சாமி கும்பிடுற ஒரே நாள் அதுதான்.

கொப்பி இல்லாதபடியால் கலண்டர் தாளொண்டைக் கிழிச்சுப் பின்பக்கத்திலை எழுதினன்.

ஏழு மணி: தசம் எட்டு.

எட்டு மணி: ஒண்டு தசம் ஆறு.

ஒன்பது மணி: ரெண்டு தசம் நாலு.

கணக்குப் போட்டுப் பாத்தன். மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு ஐஞ்சைத் தொடும். பின்னேரம் ஒன்பதைத் தாண்டும். அறை என்ரை! நான் செய்யவேண்டியிருந்தது ஒண்டே ஒண்டு. சும்மா இருக்கிறது.

எனக்குத் தெரியாத ஒரே வேலை அதுதான்.

ஆற்றை குரலெண்டாலும் எனக்கு வரும். பிரின்சிப்பலின்ரை குரலிலை ஒரு வகுப்பையே மைதானத்துக்கு அனுப்பியிருக்கிறன். பாண்காரற்றை குரலிலை "சூடான பணிஸ்!" எண்டு கத்தி, ஒழுங்கைப் பொம்பிளையள் எல்லாரையும் தட்டோடை வாசலுக்கு வரப்பண்ணியிருக்கிறன். அண்டைக்கு ஒன்பதரைக்கு, ரெண்டு தசம் எட்டு எண்டு எழுதிப்போட்டுப் பாக்கிறன், அண்ணை விறாந்தையிலை காலை நீட்டிக்கொண்டு போன் நோண்டிக்கொண்டு இருக்கிறார். அவ்வளவு நிம்மதியா ஒரு மனுசன் இருந்தால் எனக்குக் கை ஊரும்.

என்னட்டை டேற்றாவுக்கெண்டு எடுத்த ரெண்டாவது சிம் இருக்கு. அந்த நம்பர் வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது. பின் வளவிலை மோட்டர் கொட்டிலுக்குப் பின்னாலை போனன்.

உத்தியோகத்தர் குரலுக்கு ஒரு முறை இருக்கு. முதல்லை தொண்டையைச் செருமவேணும். பிறகு பேப்பர் புரட்டிற சத்தம். வாழைச்சருகு காணும். பிறகு, பக்கத்திலை தேத்தண்ணி ஆறிக்கொண்டு இருக்கிறமாதிரி ஒரு சலிப்பு. அண்ணையின்ரை நம்பரை அழுத்தினன்.

"ம்ம்... மின்சாரப் பகுதியிலையிருந்து. நிரோசன் எண்டுறது?"

"ஓம் சேர், நான்தான் சேர்."

ஒரு மூச்சிலை ரெண்டு சேர்!

"உங்கடை வீட்டிலை ராவு பகலா ஏதோ ஓடுதாம். வீட்டுக் கனெக்சனிலை தொழில் நடத்துறீரோ?"

"தொழில் இல்லை சேர். அது... அது ஃபான் சேர்."

"எத்தினை ஃபான்?"

"ஆறு."

"ஒரு அறைக்கு ஆறு ஃபானோ? ஆருக்குத் தம்பி அவ்வளவு வேர்க்குது?"

"எனக்குத்தான் சேர்."

அது பொய்யில்லை. அந்த நேரம் வேர்த்திருக்கும்.

"பின்னேரத்துக்கிடையிலை ரெண்டு பேர் வருவினம். அறையைத் திறந்து காட்டும்."

வைச்சிட்டு, கொட்டில் சுவரிலை சாஞ்சு சிரிச்சன் பாருங்கோ. பக்கத்து வளவு ஆடு மேய்றதை விட்டிட்டு என்னைப் பாத்துது.

இது என்ரை சிரிப்பு. உங்கடையது இல்லை. பாண்காரன் இன்னும் வரேல்லை.

சிரிச்சு முடியத்தான் ஒண்டு உறைச்சுது. என்ரை சிரிப்பு எனக்கே கேக்குது. மெசின் ஓடேக்கை அந்த வளவிலை ஒருத்தற்றை சிரிப்பும் ஒருத்தருக்கும் கேக்காது.

மெசின் நிண்டிட்டுது!

ஓடினன். பின் அறைக்குள்ளை போய்ப் பாத்தால் மெசினைக் காணேல்லை. அந்த இடத்திலை அம்மாவின்ரை மாம்பழக்கலர் பட்டுச்சீலை மலை மாதிரி நிக்குது. அதுக்கு முன்னாலை போன வருசக் கலண்டர்ச் சரஸ்வதி. செவ்வரத்தம்பூ. வாழைப்பழத்திலை குத்தின ஊதுபத்தி. சீலைக்கு மேலை என்ரை அண்ணை, வேர்க்க வேர்க்கக் குங்குமம் வைச்சுக்கொண்டு இருக்கிறார்.

"அண்ணை, என்ன உது?"

"உஸ்! மின்சாரப் பகுதிக்காரர் வருகினம். ஆரும் கேட்டால் இது சாமி அறை எண்டு சொல்லு."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தன். சத்தியமாத் திறந்தன். அதுக்குள்ளை அம்மா அகப்பையோடை வந்திட்டா.

"என்னடா செய்யிறாய்?"

அண்ணைக்கு வாழ்க்கையிலை முதல் தடவையா மூளை வேலை செய்துது.

"மெசினும் ஒரு ஆயுதம்தானே அம்மா. அதுதான் பூசையிலை வைச்சனான்."

அம்மாவின்ரை கண் கலங்கிச்சு. சீலையைப் பற்றி ஒரு சொல் கேக்கேல்லை. "உவனைக் கோயிலுக்குக் கொண்டுபோக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இண்டைக்குத்தான் பலன் கிடைச்சிருக்கு!" எண்டு சொல்லி, குத்துவிளக்கைக் கொண்டுவந்து ஏத்தி, கர்ப்பூரம் காட்டி, எனக்கும் ஒரு திருநீறு பூசிவிட்டா. பிறகு சொன்னா:

"வைச்சது வைச்சதுதான். நாளைக்குக் காலமை மட்டும் ஒருத்தரும் தொடப்படாது."

"அம்மா! இண்டைக்கு அளக்கிற நாள்!"

"அளக்கிறதை ஆர் நிப்பாட்டினது? மீற்றர் கொழுவினபடி கிடக்குது. ஆறு மணிக்கு என்ன காட்டுதோ அதுதான்."

"மெசின் ஓடேல்லையே!"

"சாமிக்கு முன்னாலை வாதாடாதை."

அண்ணைக்கு அப்பத்தான் விளங்கிச்சு. பயத்திலை சுருண்டு கிடந்த மூஞ்சி, தண்ணி கண்ட வாழைக்குருத்து மாதிரி மெல்ல மெல்ல விரிஞ்சுது. என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சார். தேவாரம் ஒண்டும் படிச்சார். சுதி விலகி.

பத்து மணி: ரெண்டு தசம் எட்டு.

பதினொண்டு: ரெண்டு தசம் எட்டு.

பன்னிரண்டு: ரெண்டு தசம் எட்டு. மேலதிகமாக, ஒரு கண்ணீர்.

நான்தான் அந்தச் சேர் எண்டு ஒத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொண்டால் என்ன கிடைக்கும்? பூசையிலை வைச்சதை அம்மா அதுக்காக எடுக்கமாட்டா. அகப்பைக் காம்பாலை எனக்குக் கிடைக்கும், அறை கிடைக்காது.

அண்ணைக்கு அதிகாரிமாரைப் பற்றின பயம் இன்னும் போகேல்லை. அதாலை என்னை ஒழுங்கை முகப்பிலை காவலுக்கு விட்டார். "ரெண்டு பேர் வந்தால் ஓடிவந்து சொல்லு." நான் வாறனோ எண்டு நானே பாத்துக்கொண்டு ரெண்டரை வரைக்கும் வெயிலுக்குள்ளை நிண்டன். இடையிலை ஓடி ஓடிப் போய் ரெண்டு தசம் எட்டு.

நிக்கேக்கைதான் யோசினை வந்தது. சாமிக்கு அடுத்ததா அம்மா பயப்பிடுற ஆக்கள் உத்தியோகத்தர்மார்தான். சில நாளிலை சாமிக்கு முதல். அப்ப, அந்தச் சேரே அம்மாவுக்குக் கோல் எடுத்து, "மெசினைப் போடுங்கோ" எண்டு உத்தரவு குடுத்தால்?

கணக்குப் பாத்தன். ஐஞ்சைத் தாண்ட இன்னும் ரெண்டு தசம் ரெண்டுக்கு மேலை வேணும். மணிக்குத் தசம் எட்டு. மூண்டேகாலுக்கு முதல் மெசின் ஓடத் துவங்கினால் அறை என்ரை. ஒரு நிமிசம் பிந்தினாலும் அண்ணையின்ரை.

ரெண்டே முக்காலுக்கு மோட்டர் கொட்டிலுக்குப் பின்னாலை போய், சருகு பொறுக்கி, தொண்டையைச் செருமி, அம்மாவின்ரை நம்பரை அழுத்தினன்.

"ம்ம்... ஹலோ. மின்சாரப் பகுதி. உங்கடை பின் அறையிலை இருக்கிற மெசினை உடனை போடவேணும் அம்மா. நாங்கள் இஞ்சையிருந்து அளக்கவேணும்."

அம்மா ஸ்பீக்கரிலை போட்டிட்டா. அண்ணை பக்கத்திலை நிண்டு "சேர் எண்டு சொல்லுங்கோ, சேர் எண்டு சொல்லுங்கோ" எண்டு குசுகுசுக்கிறது கேக்குது.

"சும்மா இரடா. என்ரை வயசென்ன, உவற்றை வயசென்ன. ஓம் தம்பி, போடலாம். தம்பிக்கு எவடம்?"

நான் வோல்ற் பாடமாக்கியிருந்தன். அம்பியர் பாடமாக்கியிருந்தன். ஊர் பாடமாக்கேல்லை.

"...கீரிமலை."

"கீரிமலையிலை எவடம்? கேணியடியோ, கோயிலடியோ?"

"கேணியடி. அம்மா, அந்த மெசின்..."

"கேணியடியிலை ஆற்றை மகன்?"

"கந்தையாவின்ரை." வாயிலை வந்த முதல் பேர்.

"எந்தக் கந்தையா? போஸ்ற்மாஸ்ரரோ, மேசன் வேலை செய்தவரோ, இல்லாட்டி போன மாசிக்குள்ளை செத்துப்போனாரே, அவரோ?"

யோசிச்சன். உயிரோடை இருக்கிறவரைச் சொன்னால் அம்மா இப்பவே அவருக்குக் கோல் எடுத்துக் கேப்பா. செத்தவரைக் கேக்கேலாது. எவ்வளவு புத்திசாலி நான்!

"செத்துப்போனவர்."

"ஐயோ தம்பி! அந்தச் செத்தவீட்டுக்கு நாங்கள் எல்லாரும் வந்தனாங்களே! உம்மை அங்கை காணேல்லையே?"

"நான்... நான் அப்ப கொழும்பிலை அம்மா."

"தகப்பன்ரை செத்தவீட்டுக்கு வரேல்லையோ?"

"லீவு தரேல்லை."

"நல்ல உத்தியோகம்! அப்ப கொள்ளி வைச்சது ஆர்?"

மூண்டு மணி ஆச்சு. மெசின் ஓடேல்லை. நான் சருகைக் கையிலை வைச்சுக்கொண்டு, கண்டறியாத ஒரு கந்தையாவுக்குக் கொள்ளி வைக்க ஆள் தேடுறன்.

"சின்னையா. அம்மா, தயவுசெய்து அந்த மெசின்..."

"இரும் தம்பி, அது எங்கை போகுது. கலியாணம் முடிச்சாச்சோ?"

"இல்லை."

ஓம் எண்டு சொல்லியிருக்கவேணும். ஓம் எண்டு சொன்னால் கதை அதோடை முடிஞ்சிருக்கும்.

"அப்பிடியே! எங்கடை அக்காவின்ரை மகள் ஒருத்தி இருக்கிறாள், ரீச்சர், அமந்த பிள்ளை. எனக்கும் ஒண்டு இருக்கு, அது இன்னும் படிக்குது. அதைப் பற்றி நினைக்காதையும். காகம் மாதிரிக் கத்தும், கிளி மாதிரிக் கதைக்கும், ஒரு தேத்தண்ணி போடத் தெரியாது. அதைக் கட்டுறவன் பாவம்."

நான் உத்தியோகத்தர். என்ன செய்யலாம்? குரலை இன்னும் தடிப்பாக்கினன்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா. உப்பிடியான பிள்ளையள்தான் பிறகு பெரிய ஆக்களா வருவினம்."

"எங்கை தம்பி வாறது. காலமையிலையிருந்து ஒரு மீற்றரைப் பாத்து எழுதச் சொன்னன். மூஞ்சியைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரியுது."

மூண்டு மணி ஆறு நிமிசம்.

"அம்மா!" எண்டு அதட்டினன். "அரச கடமை! மெசினை இப்பவே போடாட்டி லைனை வெட்டுவம்!"

அங்காலை ஒரு பெருமூச்சு.

"சரி, சரி, கோவிக்காதையும். உத்தியோகத்தர் சொல்லேக்கை சாமியும் பொறுக்கும். டேய் நிரோசன், தேங்காய் ஒண்டு உடைச்சுப்போட்டுச் சீலையை எடு. மெசினைப் போடு."

"அம்மா, நாளைக்குக் காலமை எண்டு நீங்கள்தானே..."

"எடடா!"

தேங்காய் உடையிற சத்தம் போனுக்குள்ளாலை கேட்டுது! பட்டுச்சீலை சரசரக்கிறதும் கேட்டுது! மூண்டு பத்து! நான் கொட்டில் சுவரிலை ஒரு கையை வைச்சு, கண்ணை மூடி, மேசையைப் போட்டு, அதிலை இரசாயனப் புத்தகத்தை அடுக்கி, கதவைப் பூட்டிக் கொண்டியும் போட்டிட்டன்.

அப்ப, பின் ஒழுங்கை முடக்கிலை ஒரு பாட்டு.

உங்களுக்குத் தெரியும் எந்தப் பாட்டெண்டு. பாண் விக்கிற ஓட்டோவிலை போடுற, சொல்லில்லாத அந்தக் கிணுகிணுப் பாட்டு. கிட்ட வந்துது. வேலிக்கு அங்காலை வந்துது. எனக்கு நேரை வந்து நிண்டுது.

பணிஸ் எண்டு கத்தி நான் ஏமாத்தின நாளிலையிருந்து, அந்த மனுசன் என்ரை கணக்கைத் தீர்க்காமல் வைச்சிருந்தவர்.

"என்ன பிள்ளை!" எண்டு வேலிக்கு மேலாலை தலையை நீட்டி, பாட்டை விடப் பலமாக் கேட்டார். "மோட்டர் கொட்டிலுக்குப் பின்னாலை நிண்டு ஆம்பிளைக் குரலிலை ஆரோடை கதைக்கிறாய்? அம்மாவுக்கு வழமையான ஒரு றாத்தல்தானே?"

பாண்காரன் வந்திட்டார். நீங்கள் இப்ப சிரிக்கலாம்.

போனுக்குள்ளை சீலை சரசரக்கிறது நிண்டிட்டுது.

பிறகு அம்மா கதைச்சா. மெதுவா. நல்ல மரியாதையா.

"கீரிமலைத் தம்பி, வரேக்கை ஒரு றாத்தல் பாணும் வாங்கிக்கொண்டு பின்பக்கத்தாலை வாங்கோ. அந்தப் போனையும் மறக்காமல் கொண்டு வாங்கோ. உங்கடை ஆயுதம் அதுதானே, அதையும் பூசையிலை வைப்பம். டேய் நிரோசன், சீலையைத் திருப்பிப் போர்த்துவிடு."

ஆறு மணிக்கு மீற்றரைப் பாத்து, என்ரை கையாலையே எழுதினன்: ரெண்டு தசம் எட்டு.